தண்ணீர்க்காரியைக் கொடுத்த கதை

சடையங்குப்பத்தில் ஞானபாக்கியத்தின் மளிகைக் கடைக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். உளுந்து, புளி, சோப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு விதம். கூட்டம் குறையட்டும் என்று ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, "அக்கா, அந்தரக்கோட்டைல அடுத்து இன்னா படிக்கலாம்?" என்று மெல்லக் கேட்கிறவர்கள் இன்னொரு விதம். முதல் விதத்தாரை அவள் கணவர் வெள்ளத்துரை பார்த்துக்கொள்வார். இரண்டாம் விதத்தாரைக் கண்டால் தராசுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வந்துட்டாங்க, வானத்துல இருந்து" என்பார்.

அந்தரக்கோட்டை என்பது இரண்டு சூரியன்களுக்கு நடுவே தொங்குகிற ஒரு கோட்டை. அதை ஆளும் உரிமை யாருக்கு என்று மூன்று வம்சங்கள் அடித்துக்கொள்கின்றன. நடுவில் தோரன் என்ற கப்பல் தலைவன் மாட்டிக்கொண்டு விழிக்கிறான். வெளிநாட்டில் முதலில் அதைப் படமாக எடுத்தார்கள், பிறகு ஆறு புத்தகங்களாக எழுதினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, தோரனுடைய தம்பியின் கதை, தோரனுக்குச் சமைத்துப் போட்டவன் கதை, கோட்டையைக் கட்டிய கொத்தனார் கதை என்று கிளைக்கதைகளும் படக்கதைகளும் ஈன்று தள்ளிவிட்டார்கள். அத்தனையும் தமிழிலும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒருவர் படித்து முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது என்பது ஞானபாக்கியத்தின் கட்சி.

அவளுக்கு இந்தப் பழக்கம் பெருங்காயத்தில் தொடங்கியது. தூத்துக்குடிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து, கல்யாணமாகி, கடை வைக்க இந்தப் பக்கம் வந்தவள். பொட்டலம் மடிக்க ஹுமாயூன் பாய் மூன்று சக்கர வண்டியில் கிலோக்கணக்கில் பழைய பேப்பர் கொண்டுவந்து போடுவார். அதில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. தாளைக் கிழித்து மிளகு மடிக்கும்போது கண் அதில் பட்டுவிட்டது. தோரன் கப்பலுக்கு வெளியே ஒற்றைக் கையில் தொங்குகிறான். கயிறு நைகிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பக்கம் இல்லை. அதில்தான் சற்று முன்பு பவுனம்மாளுக்குப் பெருங்காயம் மடித்துக் கொடுத்திருந்தாள்.

ஞானபாக்கியம் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பவுனம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னாம்மே, பெருங்காயத்துல எதுனா கலப்படமா? கொழம்புல வேற போட்டுட்டனே" என்று பதறினாள் பவுனம்மாள்.

"பெருங்காயம் உங்களுக்கே இருக்கட்டும். அந்தப் பேப்பரை மட்டும் தாங்க."

தாள் குப்பைக் கூடையிலிருந்து கிடைத்தது. தோரன் விழவில்லை. அன்றிலிருந்து ஹுமாயூன் பாய் கொண்டுவரும் கட்டுகளை முதலில் பிரித்து, அந்தரக்கோட்டை என்று போட்டிருப்பதை எல்லாம் தனியாக எடுத்து, சோப்பு அடுக்குக்கு மேல் அடுக்கில் வைத்தாள். பாயும் அவளுக்கென்றே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடி எடுத்துவந்தார். "உனுக்கு இன்னாம்மா, அந்தக் கோட்டைல சொந்தக்காரங்க கீறாங்களா?" என்பார்.

எது படிக்கத் தக்கது, எது தள்ளத் தக்கது என்பதற்கு அவளிடம் ஓர் அளவு இருந்தது. தாய்க்கதையான அந்த ஆறு புத்தகங்களில் வாய் திறக்காதவர்கள் கிளைக்கதையில் வாய் திறக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே வாய் ஓயாமல் பேசியவனே இங்கேயும் வந்து பேசினால், புத்தகத்தை மூடிவிட்டுப் பருப்பு புடைக்கப் போகலாம்.

"தோரன் திரும்பினான் எப்படிக்கா?" என்று கேட்டால், "அதைத் தொடாதீங்க. அவன் ஆறாவது புத்தகத்துல நல்லபடியா செத்துப்போனவன். செத்தவனை எழுப்புறது ஆண்டவர் செய்யுற வேலை, எழுதுறவரு செய்யக்கூடாது" என்பாள்.

"இளவரசன் திருமணம்?"

"பாதிப் புத்தகம் துணி எடுக்காங்க. மீதிப் புத்தகம் அதைத் தைக்காங்க. தாலி கட்டுறதுக்குள்ள தூங்கிருவீங்க."

"கொத்தனார் கதை?"

"அது படிக்கணும். அவன் கட்டுன சுவருக்குள்ளதான் ராசாக்க எல்லாம் சண்டை போட்டுக்கிடக்காங்க. அவனை உள்ள விடமாட்டேங்காங்க. கடைசியில என்ன ஆச்சுன்னு நான் சொல்லமாட்டேன்."

சொல்லவே மாட்டாள். எவ்வளவு கெஞ்சினாலும் முடிவைச் சொல்லாதது அவளுடைய கொள்கை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, அவள் யாருக்கும் இரவல் கூடத் தராமல் வைத்திருந்தது ஒரு மெல்லிய படக்கதை. பெயர் தண்ணீர்க்காரி. தாய்க்கதையின் இரண்டாம் புத்தகத்தில் தோரனின் கப்பல் ஒரு வறண்ட கிரகத்தில் விழும். ஒரு பெண் வந்து ஒரு குடம் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். அரைப் பக்கம்தான். அவளுக்குப் பெயர் கூட இல்லை. இந்தப் படக்கதை அவளுடையது. அந்தக் கிரகத்துக்கே ஒரே ஒரு குழாய், அது அவள் பொறுப்பில். இரண்டு படைகள் வந்து இறங்குகின்றன. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். துப்பாக்கியோடு முன்னால் வந்த தளபதியிடம் அவள் சொல்கிறாள்: "வரிசை அங்கே முடிகிறது. போய் நில்." தளபதி திரும்பிப் பார்க்கிறான். பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்களும் கிழவர்களும் குடத்தோடு நிற்கிறார்கள். அடுத்த படத்தில் தளபதி கடைசியாளாக நிற்கிறான். அவன் கையில் ஒரு குடம்.

தண்ணீர் லாரிக்குக் காத்து நின்று வாழ்நாளில் பாதியைக் கழித்த தெருவில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஞானபாக்கியம் மனசு சோர்ந்த நாளில் ஜெபம் பண்ணுவாள். ஜெபம் பண்ணி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். எது முந்தி என்பதில் மட்டும் குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

அப்படி இருந்தவள்தான் டிசம்பர் புயலில் வாயை விட்டு மாட்டிக்கொண்டாள்.

சடையங்குப்பம் பள்ளமான ஊர். மேட்டில் தூறினால் இங்கே முழங்கால் அளவு நிற்கும். அந்த வருஷம் கால்வாய் வழிந்து பட்டப்பகலில் கடைக்குள் ஏறிவிட்டது. கீழே இருந்த அரிசி மூட்டைகளை இருவரும் தூக்கப் பார்த்து, முடியாமல், கல்லா மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீர் எண்ணெய் டின்களை மூடியது. பிறகு சோப்பு அடுக்கைத் தொட்டது. உறைகள் ஊறி, கடை முழுவதும் நுரை மிதந்தது. அதற்கு மேல் அடுக்கில்தான் புத்தகங்கள்.

ஞானபாக்கியம் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, அரிசி போனா போகட்டும், எண்ணெய் போனா போகட்டும். இந்த அடுக்கைத் தொடாம நிறுத்தும். இதுல எது ரொம்ப நல்லதோ, அதை அறுப்பின் பண்டிகையில உம்ம சமுகத்துலயே கொண்டுவந்து வச்சிருதேன்."

வெள்ளத்துரை நுரைக்கு நடுவே அவளைப் பார்த்தார். "ஏ பாக்கியம், அரிசிக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"அரிசி எப்பவும் வாங்கிக்கலாம்லா."

தண்ணீர் சோப்பு அடுக்கோடு நின்றது. சாயங்காலம் ஒரு சாண் இறங்கவும் செய்தது. ஞானபாக்கியம் ஸ்தோத்திரம் சொன்னாள். சொல்லி வாய் மூடியதும்தான், தான் என்ன பொருத்தனை பண்ணினோம் என்பது உறைத்தது.

தை முடிந்ததும் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வயல் வைத்திருப்பவர் யாரும் அந்தச் சபையில் இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். வியாபாரத்தின் முதற்பலன் என்று ஒருவர் பூசணிக்காய் கொண்டுவருவார், ஒருவர் சேவல், ஒருவர் கேக். எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது கொஞ்சம் கேவலம். "திரும்பவும் விடுங்க" என்று கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரே பூசணிக்காய் நாலு பேர் கைமாறி, காய்க்கே தலை சுற்றிப்போகும்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஞானபாக்கியம் புத்தக அடுக்குக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நல்லது எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாததுதான் சங்கடமாக இருந்தது. தண்ணீர்க்காரியை எடுத்தாள். அட்டைப் படத்தைப் பார்த்தாள். குடத்தோடு நிற்கிற தண்ணீர்க்காரி, அதிலிருந்து தண்ணீர் குடிக்கிற ஒரு படைவீரன். அந்தப் படைவீரன் தலையில் இரண்டு கொம்புகள். அது தலைக்கவசம் என்று அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் அது கொம்பாகத் தெரிந்தது. கொம்பு வைத்த ஒன்றைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கலாமா? சபையார் என்ன நினைப்பார்கள்?

பக்கத்தில் தடி அட்டையும் தங்க எழுத்துமாக ஒரு புத்தகம் நிமிர்ந்து நின்றது. உடைகலச் சந்தை. போர் முடிந்தபின் உடைந்த வானக் கப்பல்களை ஒரு நிலவில் கொண்டுபோய்ப் போட்டு எடைக்கு விற்கிற கதை. தாய்க்கதையில் கொடியோடு பறந்த தோரனின் கப்பல் அதில் துண்டு துண்டாக விலை போகும். எடை, பேரம், மறுபடி எடை. கடமைக்காக அவள் கடைசிவரை படித்தாள். கேட்டவர்களிடம் எல்லாம், "கணக்குப்பிள்ளை எழுதினது, விட்டுருங்க" என்று சொல்லிவந்தாள்.

ஆனால் பார்வைக்கு எவ்வளவு மரியாதையாக இருந்தது அது. கொம்பு இல்லை. படமே இல்லை. தங்க எழுத்து ஞானப்பாட்டுப் புத்தகம் போலவே மின்னியது.

"ரொம்ப நல்லதுன்னா வெளிப்பார்வைக்கும் நல்லா இருக்கணும்லா" என்றாள்.

"யார்ட்ட பேசுத?" என்றார் வெள்ளத்துரை.

"யார்ட்டயும் இல்ல."

"அப்ப சரி. பதில் வராது."

மறுநாள் உடைகலச் சந்தை ஒரு பூசணிக்காய்க்கும் ஒரு தேங்காய்க் குலைக்கும் நடுவே பீடத்தின் முன்னால் உட்கார்ந்தது. ஞானபாக்கியம் பெண்கள் பக்கத்தில் நிம்மதியாகத்தான் உட்கார்ந்தாள். சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அமைதியான மனுஷர், யாரையும் குத்திப் பேசத் தெரியாதவர். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஆட்டு மந்தை வைத்திருந்த ஒருவனைப் பற்றி. அவன் பலிகொடுக்க ஆடு தேடப் போகிறான். கொழுத்த கிடாவைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்ற ஆட்டை, 'இதுவும் பார்க்க வெள்ளையாத்தானே இருக்கு' என்று பிடித்துக்கொண்டு வருகிறான்.

ஞானபாக்கியம் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஏலத்தை நடத்தியவர் வாலிபர் சங்கச் செயலாளர் அபின். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் அதற்குள்ளேயே குடியிருப்பார். பூசணிக்காய் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. சேவல் ஒரு ரவுண்டு கொக்கரித்துவிட்டு விலை போனது. கேக்கை எடுத்தவர் மட்டும் திருப்பிக் கொடுக்காமல் தின்ன ஆரம்பித்துவிட்டார். கடைசியில் புத்தகம் மட்டும் மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து சுடலைராஜ் உள்ளே நுழைந்தார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர். சபைக்காரர் இல்லை, வியாபாரிகள் சங்கத்தில் வெள்ளத்துரைக்குக் கூட்டாளி. அவரும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வருஷாவருஷம் அழைப்பார்கள், அவரும் வந்து ஏதாவது எடுத்துவிட்டுப் போவார். வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த ஆறு மாசத்துக்குச் சங்கக் கூட்டத்தில் அவர் காதில் அதையே போடுவார்கள்.

"அண்ணாச்சி வந்துட்டாரு, அண்ணாச்சி எடுப்பாரு" என்று ஒலிபெருக்கி முழங்கியது.

"என்னப்பா மிச்சம் இருக்கு?"

"ஒரே ஒரு புத்தகம். தங்க எழுத்து."

சுடலைராஜ் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். வேறு வழி இல்லை. ஒரு விலை சொன்னார். யாரும் மேலே கேட்கவில்லை. எடுத்தார். எடுத்த கையோடு வழக்கப்படி, "திரும்பவும் விடுங்க" என்று பெரிய மனசோடு கொடுத்தார்.

"அண்ணாச்சி சொன்ன விலையிலயே ஆரம்பிக்கிறோம்" என்றார் அபின். பந்தலில் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. எல்லோரும் சாப்பாட்டுப் பந்தி பக்கம் திரும்பியிருந்தார்கள். "அண்ணாச்சி, யாரும் கேக்கல. விட்டா ஆண்டவர் காரியம் அந்தரத்துல நிக்கும்."

சுடலைராஜ் தன் விலைக்கு மேல் தானே ஒரு விலை சொன்னார். மறுபடி அவருக்கே விழுந்தது. கை பழக்கத்தில் மறுபடியும் திருப்பிக் கொடுக்கப் போனார். வெள்ளத்துரை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் ராஜா. உன்ட்ட நீயே தோத்துக்கிட்டு இருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. கொடுத்ததும் நொண்டி ஆடு. அதுவும் அந்தரக்கோட்டையைக் கேள்விகூடப் படாத மனுஷர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு இவ்வளவுதானா என்று அவர் நினைத்தால், அது யார் தலையில் விழும்?

அடுத்த வாரம் முழுவதும் அவளுக்கு ஜெபம் ஒட்டவில்லை. கண்ணை மூடினால் சோப்பு நுரைதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போய் நின்றாள்.

"ஐயரே, நல்லதைத் தாரேன்னு சொல்லிட்டு, ரெண்டாந்தரத்தைக் கொண்டுவந்து வச்சுட்டேன்."

ஐயர் யோசித்தார். "அந்தப் புத்தகமா? பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு."

"பார்க்க மட்டும்தான் ஐயரே. உள்ள வெறும் எடை."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நல்லது எதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்மா. ஏலத்துல யாரு எடுத்தாங்களோ, அவங்க கையில அதைக் கொண்டு கொடுத்துட்டு வாங்க. ஆண்டவருக்குச் சேர வேண்டிய வழி அதுதான்."

திங்கட்கிழமை தண்ணீர்க்காரியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். வழியில் வெளியே எடுக்கக்கூடாது என்று தீர்மானமாக இருந்தாள். ஆட்டோ கிளம்பியதும் எடுத்தாள். தளபதி வரிசையில் நிற்கிற பக்கத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "கொடம் புச்சினு நிக்கிறான் பாரு, மொகத்த பாரு, பாவம்" என்றாள். ஞானபாக்கியம் அவளுக்கும் காட்டினாள். சாத்தாங்காடு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

சந்தைக்குள் கால் வைத்தால் எங்கே பார்த்தாலும் கம்பியும் தகடும் சுருளும். வாகனங்கள் உறுமிக்கொண்டிருந்தன. சுடலைராஜின் கிடங்கு வாசலில் எடை மேடை. அதன் கூண்டில் உட்கார்ந்திருந்த அத்தாவுல்லா, முண்டியடித்து முன்னால் வந்த ஒரு லாரியைத் திட்டிக்கொண்டிருந்தார். "பின்னால போ நைனா. மந்திரி வண்டியா இருந்தாலும் இங்க லைன்தான்." பிறகு ஞானபாக்கியத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "ராஜ் அண்ணாச்சியா? உள்ளதான் கீறாரு. எதோ பொஸ்தகம் படிச்சிகினு கீறாரு, யாரையும் கிட்ட வுட மாட்றாரு" என்றார்.

உள்ளே சுடலைராஜ் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் உடைகலச் சந்தை. கண் சிவந்திருந்தது.

"வாங்க மைனி, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். "இப்பதான் இரண்டாந்தடவை முடிச்சேன்."

ஞானபாக்கியம் நின்றபடியே, "இரண்டாந்தடவையா?" என்றாள்.

"மைனி, இந்தக் கப்பலைப் பிரிச்சு விக்காங்கள்லா. முழுசா எடுத்தா ஒரு விலை, பிரிச்சா ஒரு விலை. எல்லாவனும் பிரிச்சுத்தான் கேக்கான். அந்தக் கிழவன் வியாபாரி, சுக்கானை மட்டும் எடுத்து வச்சுக்கிடுதான். எடைக்குப் போட மனசு வரல. ஆயிரம் பேரு வந்து கேட்டும் கொடுக்கல." மேஜை மேல் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். "நான் தொழிலுக்கு வந்து முதமுதல்ல வெட்டுனது ஒரு பழைய படகு மைனி. வெட்டி முடிச்சுட்டு அன்னிக்குச் சாப்பிட முடியல. ஏன்னு எனக்கே தெரியாது. இதுல எழுதியிருக்கான்."

ஞானபாக்கியம் அந்தத் தங்க எழுத்தைப் பார்த்தாள். சுக்கானை எடுத்து வைத்த கிழவன் அவளுக்கு நினைவிருந்தான். அந்தப் பக்கத்தில் எத்தனை ராத்தல் என்று போட்டிருந்தது என்பதுதான் நினைவில் இருந்ததே தவிர, அவன் ஏன் கொடுக்கவில்லை என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை. தாய்க்கதையில் அந்தக் கிழவனும் வாய் திறக்காதவன்தான்.

"நான் வேகமா படிச்சுட்டேன் போல" என்றாள் மெல்ல.

"இதை வேகமா படிக்க முடியுமா? ஒவ்வொரு துண்டா தூக்கிப் பார்க்கணும்லா."

"சரி. அது கிடக்கட்டும். நான் வந்தது இதுக்கு." மஞ்சள் பையிலிருந்து தண்ணீர்க்காரியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பொருத்தனை, சோப்பு நுரை, கொம்பு, நொண்டி ஆடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சுடலைராஜ் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு படக்கதையைப் புரட்டினார். கடகடவென்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"படம் நல்லா போட்டிருக்கான்" என்றார். "ஆனா மைனி, ரெண்டு படை வந்து இறங்குது, ஒரு குண்டு கூட வெடிக்கலயே?"

"அதாம்லா விசேஷம்."

"எனக்கு அவ்வளவா பிடிபடல." மூடி அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களே வச்சுக்கோங்க. நான் ஏலத்துல எடுத்தது எனக்கு நிறைஞ்ச பொருள்."

"அப்படிச் சொல்லாதீங்க. இது ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணினது."

சுடலைராஜ் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "அப்ப எனக்கு வேண்டவே வேண்டாம். சாமிக்கு நேர்ந்ததைக் கிடங்குல வச்சுக்கிட்டா எங்க சுடலைமாடன் சும்மா விடமாட்டாரு. உங்க சாமி எங்க சாமி ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை மாட்டி விடாதீங்க மைனி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எவ்வளவு சொல்லியும் அவர் அதைத் தொடவில்லை. டீ மட்டும் வரவழைத்துக் கொடுத்தார்.

ஞானபாக்கியம் வெளியே வந்தாள். தண்ணீர்க்காரி மஞ்சள் பைக்குள்ளேயே இருந்தது. வாசலை நோக்கி நடக்க நடக்க அவள் மனசு துள்ள ஆரம்பித்தது. கொண்டுபோனேன். கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஐயர் சொன்னபடி செய்தாயிற்று. இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? சாயங்காலம் வியாபாரம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். நாளைக்கும் பார்க்கலாம்.

எடை மேடைக்கு அருகில் வந்ததும் அத்தாவுல்லா கூண்டிலிருந்து தலையை நீட்டினார். பை வாய் திறந்திருந்தது.

"அக்கா, அது இன்னா பொஸ்தகம்? கொடத்தோட ஒருத்தி நிக்கிறா?"

ஞானபாக்கியம் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க படிக்கிறது" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே வருவதற்குள், வாய் வரைக்கும் வந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஆண்டவர் வேறு வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், தான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று பட்டது.

"தண்ணீர்க்காரின்னு பேரு" என்றாள். "ரெண்டு படையை ஒரே வரிசையில நிக்க வச்சவ."

"அப்டியா? குடு, பாத்துட்டுத் தர்றேன்."

"பார்த்துட்டு நீங்களே வச்சுக்கோங்க" என்று கொடுத்தாள். கையிலிருந்து போகும்போது ஒரு மூலை கொஞ்சம் இழுபட்டது. அவள்தான் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள்.

அத்தாவுல்லா முதல் பக்கத்தைத் திறந்தார். சுடலைராஜ் போல் ஓடவில்லை. ஒரு படம் பார்த்தார், நின்றார், அடுத்ததைப் பார்த்தார். மேடை மேல் ஒரு லாரி ஏறி எடைச் சீட்டுக்குக் காத்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் சந்தை முனை வரைக்கும் வரிசை. தளபதி முன்னால் வருகிற பக்கம் வந்தது. அத்தாவுல்லா "போய் நில்லு" என்று படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இவ இன்னாக்கா, நம்ம வேல பாத்துகினு கீறா."

"அதுக்கு மேலயும் இருக்கு."

"கடைசில அந்தத் தளபதிக்குத் தண்ணி கெடச்சுதா, இல்லியா?"

ஞானபாக்கியம் உதட்டை மடித்துக்கொண்டாள்.

மேடை மேல் நின்ற லாரியின் டிரைவர் ஹாரனை அழுத்தினான். பிறகு கதவைத் திறந்து பாதி உடம்பு வெளியே தொங்க, "யோவ் பாய், சீட்டு குடுய்யா. இன்னா பேஜாரா போச்சு. பின்னால பார், எவ்ளோ வண்டி நிக்குதுன்னு" என்று கத்தினான்.

அத்தாவுல்லா தலை நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பொறு என்று ஆட்டினார். மறு கை அடுத்த பக்கத்தின் ஓரத்தில் இருந்தது.

டிரைவர் ஞானபாக்கியத்தைப் பார்த்தான். "யம்மா, நீயாவது சொல்லும்மா."

அவள் மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பக்கம் போனாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றாள். "முக்கியமான இடத்துல இருக்காரு."